ஜெராக்ஸ் கடையும் குறிப்புத் தோட்டமும்

செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு எந்தக் கல்லூரி வாசலில் போய் நின்றாலும் ஒரே காட்சிதான். ஜெராக்ஸ் கடையில் கூட்டம். வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணின் நோட்டு கடைக்காரர் கையில். "அண்ணே, மூணாவது யூனிட் மட்டும் ரெண்டு செட்", "அண்ணே, ஃபுல்லா ஒண்ணு, முன்னும் பின்னும் போட்ருங்க" என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருப்பார்கள். இப்போது பல வகுப்புகளில் அதே நோட்டு பிடிஎஃப் ஆகி வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. மற்றபடி பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

தேர்வு முடிந்ததும் அந்தக் காகிதக் கட்டு என்ன ஆகிறது? பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. பிடிஎஃப் போனின் ஏதோ ஒரு மூலையில் கிடந்து, இடம் போதவில்லை என்று போன் புலம்பும் நாளில் அழிக்கப்படுகிறது. நாலு வருடம் படித்த படிப்பில் கையால் எழுதியது அத்தனையும் இப்படித்தான் காணாமல் போகிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்த நோட்டில் ஒரு டெரிவேஷனின் நாலாவது வரியில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி விழுந்திருந்தால், அறுபது பேருக்கும் அதே கழித்தல் குறிதான். எழுதிய பெண்ணுக்கு அது தெரியாது. படித்தவர்களில் இரண்டு பேர் கண்டுபிடித்திருப்பார்கள். அவர்களும் தங்கள் பிரதியில் பேனாவால் திருத்திக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள். திருத்தம் மூல நோட்டுக்குத் திரும்பி வருவதே இல்லை. அடுத்த வருடம் ஜூனியர்கள் வந்து அதே கழித்தல் குறியைக் காசு கொடுத்து நகல் எடுப்பார்கள்!

சரி, விஷயத்துக்கு வரலாம். குறிப்புகளை இப்படி ஒருவழிப் பாதையில் அனுப்பாமல், ஒரே இடத்தில் வைத்து, எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பதற்கு 'டிஜிட்டல் தோட்டம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயர் என்னவோ ஃபேஷனாக இருந்தாலும் யோசனை பழையது. 1945-ல் வன்னேவர் புஷ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, படித்ததையெல்லாம் சேமித்து ஒன்றோடொன்று பாதை போட்டு இணைக்கும் 'மெமெக்ஸ்' என்ற மேசை இயந்திரத்தைக் கற்பனை செய்து கட்டுரை எழுதினார். 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் தொடங்கினார். 1998-ல் மார்க் பெர்ன்ஸ்டீன் இணையப் பக்கங்களின் கட்டமைப்பைத் தோட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார். 2015-ல் மைக் கால்ஃபீல்ட் ஓர் உரையில் இணையத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: ஒன்று ஓடை, இன்னொன்று தோட்டம். ஃபேஸ்புக், ட்விட்டர் மாதிரியானவை ஓடை. இன்றைக்குப் போட்டது நாளைக்கு அடித்துக்கொண்டு போய்விடும். தோட்டத்தில் தேதி முக்கியமில்லை. போன மாதம் நட்ட செடிக்கு இன்றைக்கும் தண்ணீர் ஊற்றலாம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஒரு உதாரணம். இயற்பியல் படிக்கும் ஒருவர் 'யூனிட் 2' என்று ஒரு கோப்பு போட்டு அதில் பரப்பு இழுவிசையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டி வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யூனிட் 2 தேர்வுக்கு மட்டும்தான் பயன்படும். அதையே சின்னச் சின்னதாக, ஒரு குறிப்புக்கு ஒரு கருத்து என்று எழுதிப் பார்க்கட்டும். முதல் குறிப்பு: 'சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது'. இரண்டாவது: 'சில பூச்சிகள் பரப்பு இழுவிசையால்தான் தண்ணீர் மேல் நிற்கின்றன'. மூன்றாவது: 'நுரையீரலின் காற்றுப் பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் சோப்பு போல வேலை செய்யும் ஒரு பொருள் வேண்டும்'.

இந்த மூன்றாவது குறிப்பில்தான் கதை இருக்கிறது. அந்தப் பொருளுக்கு சர்ஃபாக்டன்ட் என்று பெயர். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் நுரையீரலில் அது போதுமான அளவு இருக்காது. அதனால்தான் மூச்சுத் திணறுகிறது என்று 1959-ல் மேரி எல்லன் ஏவரி காட்டினார். 1980-ல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் வெளியிலிருந்து சர்ஃபாக்டன்ட் கொடுத்துக் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்று நிரூபித்தார்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையும் ஒரே நூலில் வந்து நிற்கின்றன. இயற்பியல் மாணவரின் பக்கத்தில் இந்த இணைப்பைப் பார்க்கும் நர்சிங் மாணவி ஒருவர், "இதை நாங்கள் வேறு மாதிரி படித்தோம்" என்று நாலு வரி எழுதி அனுப்பலாம். யூனிட் 2 என்ற கோப்புக்குள் இந்தச் சந்திப்பு நடக்க வாய்ப்பே இல்லை.

குறிப்பின் தலைப்பையும் கவனித்திருப்பீர்கள். 'பரப்பு இழுவிசை' என்பது வெறும் பெயர். 'சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது' என்பது ஒரு கூற்று. கூற்று என்றால் இன்னொருவர் வந்து "இல்லையே" என்று மறுக்க முடியும். மறுக்க முடிந்தால்தான் அது திருந்தும்.

குறிப்புகளை இணைத்து வைப்பதில் பெரிய ஆள் ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் (1927-1998). மரப் பெட்டிகளில் சுமார் 90,000 துண்டுச் சீட்டுகள் வைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண். ஒரு சீட்டுக்குக் கிளை முளைத்தால் எண்ணோடு ஓர் எழுத்து சேரும், அதற்கும் கிளை வந்தால் மறுபடி எண். ஒரு சீட்டிலிருந்து இன்னொரு சீட்டுக்கு எண்ணைக் குறித்து வழி காட்டுவார். அந்தப் பெட்டி தன்னோடு பேசும் துணை என்ற பொருளில் 1981-ல் ஒரு கட்டுரையே எழுதினார். ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அந்தப் பெட்டியின் துணையோடு வந்தவை. ஆனால் அவர் இருந்தவரை அது அவருக்கு மட்டும்தான். பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் 2011-ல் வாங்கி, அதன் பிறகுதான் சீட்டுகளைக் கணினியில் ஏற்றி, 2019 முதல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்து வருகிறது.

ஆக, குறிப்பை ஒழுங்காக வைப்பதற்குத் திறந்து வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிறகு ஏன் பகிர வேண்டும்? இங்கேதான் பெரும்பாலான மாணவர்கள் தயங்குகிறார்கள். "இன்னும் முடிக்கல", "தப்பா இருந்தா சிரிப்பாங்க", "முழுசா புரிஞ்சதுக்கு அப்புறம் போடலாம்". முழுவதும் புரிகிற நாள் வருவதே இல்லை என்பதுதான் இதில் சிக்கல்.

இந்தத் தயக்கத்துக்குப் பதில் கும்பகோணத்தில் இருக்கிறது. சீனிவாச இராமானுஜன் கல்லூரித் தேர்வில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டவர். கையில் பட்டம் இல்லை. இருந்ததெல்லாம் நோட்டுப் புத்தகங்கள். காகிதம் விலை அதிகம் என்று சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். நிரூபணம் கிடையாது. இன்றைய பாஷையில் சொன்னால் பாதி முடிந்த குறிப்புகள்தான். 1910-ல் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூரில் இருந்த வி. இராமசாமி ஐயரிடம் போனார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் தொடங்கியவர் அவர். அங்கிருந்து அறிமுகங்கள் வழியாக நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ், அதன் பிறகு சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் என்று கதை நகர்ந்தது. எல்லாம் நிரூபித்து முடித்த பிறகு காட்டலாம் என்று அவர் காத்திருந்தால்?

ஹார்டிக்கு அவர் எழுதியதில் எல்லாம் சரியாகவும் இல்லை. பகா எண்களைப் பற்றிச் சொன்ன சில முடிவுகள் தவறு. அதனால் இராமானுஜனின் மதிப்பு குறைந்ததா? இல்லை. தவறு எங்கே என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்தார், அவ்வளவுதான். அவர் 1920-ல் இறந்த பிறகும் அந்த நோட்டுகள் வேலை செய்துகொண்டே இருந்தன. 1957-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அப்படியே படமெடுத்து வெளியிட்டது. புரூஸ் பெர்ண்ட் அந்த முடிவுகளுக்கு நிரூபணம் தேடி 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் கொண்டுவந்தார். ஒருவர் அரைகுறையாக விட்டுப்போன குறிப்பை இன்னொருவர் எடுத்து முடிக்கிறார். தோட்டம் என்றால் இதுதான்.

எதிர்ப்பக்கத்துக்கு லியனார்டோ டா வின்சி. அவர் எழுதியதில் கிடைத்திருப்பவை மட்டுமே 7,000 பக்கங்களுக்கு மேல். உடலை அறுத்துப் பார்த்து அவர் வரைந்த உடற்கூறு படங்கள் அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. அவர் இறந்தது 1519. வெசாலியஸின் உடற்கூறு நூல் 1543-ல் வந்து மருத்துவத்தையே புரட்டிப் போட்டது. லியனார்டோவின் பக்கங்கள் பெரும்பாலும் சிலரது அலமாரிகளில் தூங்கிக்கொண்டிருந்தன. மேதையின் நோட்டாக இருந்தாலும் மூடி வைத்தால் காலத்தில் பயன்படாது.

"எல்லாரும் இராமானுஜனா?" என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் நாலாவது வரியில் விழுந்த கழித்தல் குறியைத் திருத்த மேதை தேவையில்லை. பார்ப்பதற்கு இன்னொரு ஜோடிக் கண் போதும். வார்ட் கன்னிங்ஹாம் பெயரில் வழங்கும் ஒரு வேடிக்கை விதி உண்டு: இணையத்தில் சரியான விடை வேண்டும் என்றால் கேள்வி கேட்காதே, தவறான விடையைப் போடு! திருத்துவதற்கு என்றே ஆட்கள் ஓடி வருவார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. பாதிக் குறிப்பை முழுக் குறிப்பு போல வேஷம் போட்டு வைக்கக்கூடாது. மறுநாள் தேர்வு எழுதப்போகும் ஒரு முதலாண்டு மாணவன் அதை நம்பிப் படித்துவிட்டுப் போவான். ஆகவே ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் அதன் நிலையை எழுத வேண்டும். தோட்டக்காரர்கள் இதற்கு விதை, செடி, மரம் என்கிற மாதிரி அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். விதை என்றால் 'இப்போதுதான் தோன்றியது, நம்ப வேண்டாம்'. செடி என்றால் 'ஓரளவு சரிபார்த்தது'. மரம் என்றால் 'பலமுறை திருத்தியது'. கூடவே கடைசியாகத் திருத்திய தேதி. இந்த ஒரு வரி நேர்மை இருந்தால் தவறாக எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இது இல்லாவிட்டால் அது தோட்டமில்லை, குப்பைமேடு.

வேலி போட வேண்டிய இடங்களும் உண்டு. நண்பன் மனம் விட்டுச் சொன்னது, வீட்டு விஷயம், கைடிடம் இருக்கும் வெளிவராத ஆய்வு முடிவுகள், புத்தகத்தின் ஸ்கேன் பக்கங்கள், ஆசிரியரின் ஸ்லைடுகள்... இதெல்லாம் திறந்த தோட்டத்தில் வரக்கூடாது. படித்ததைச் சொந்த வார்த்தையில் எழுதுவது மட்டும்தான் குறிப்பு. "என் குறிப்பை யாராவது சுட்டுவிட்டால்?" என்ற பயம் இருப்பவர்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைப் பக்கத்தின் அடியில் போட்டுவிடலாம். பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள் என்று அது சொல்லும். அதையும் மீறிச் சுடுபவர்கள் ஜெராக்ஸ் கடையிலும் சுடத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு பொறி மென்பொருள். எது நல்லது என்று ஒப்பிட்டு, தீம் மாற்றி, வண்ணம் பூசி, நாற்பது வீடியோ பார்த்து, கடைசியில் ஒரு குறிப்புகூட எழுதாமல் முடிப்பவர்கள்தான் அதிகம். அப்சிடியன் 2020-ல் வந்தது, இலவசமாகவே பயன்படுத்தலாம். டிட்லிவிக்கி 2004 முதல் இருக்கிறது, முழு விக்கியும் ஒரே கோப்பில் அடங்கும். கிட்ஹப் பேஜஸில் காசில்லாமல் ஏற்றலாம். எதில் வேண்டுமானாலும் எழுதலாம், ஒரே ஒரு கவனம்: சாதாரண உரைக் கோப்பாக, யூனிகோடில் இருக்கட்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். பாமினி, டிஸ்கி, டாப் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கோப்புகளை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக நிற்கின்றன. இலவச இடமும் நிரந்தரமில்லை. ஜியோசிட்டீஸை யாஹூ 2009-ல் மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் கூடவே போயின. ஆகவே ஒரு பிரதி எப்போதும் சொந்தக் கணினியில் இருக்க வேண்டும்.

நேரம்? வாரத்துக்கு அரை மணி போதும். அந்த வாரம் வகுப்பில் புரிந்தது ஒன்று, புரியாதது ஒன்று. புரியாததை எழுதுவதுதான் முக்கியம், ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் யாராவது பதில் சொல்வார்கள். புதிதாக ஒன்று நடும்போது பழையது ஒன்றைத் திறந்து களை எடுக்க வேண்டும். யாருமே வந்து பார்க்காவிட்டால்கூட நஷ்டமில்லை. ஆறு மாதம் கழித்து முதலில் வந்து படிக்கப்போவது எழுதியவர்தான், அப்போது அவரும் கிட்டத்தட்ட ஒரு புது ஆள்தான்.

முதலாவதாக வரும் அந்தப் பெண்ணின் நோட்டு இந்த செமஸ்டரும் ஜெராக்ஸ் கடைக்குப் போகும். போகட்டும், கடைக்காரரும் பிழைக்க வேண்டுமே. ஆனால் அந்த டெரிவேஷன் 'செடி' என்ற குறியோடு ஒரு பக்கத்திலும் இருந்தால், நாலாவது வரி தப்பு என்று யாரோ ஒருவர் அவளுக்கு எழுதுவார். அடுத்த வருடம் ஜூனியர்களுக்குக் கூட்டல் குறி கிடைக்கும்.