தீவகத்து நன்னீரும் கடலடி வாயுவும்

மன்னார்க் கடலில் 2011ஆம் ஆண்டு கெயார்ன் நிறுவனம் துளைத்த டொராடோ, பரகூடா என்னும் இரு கிணறுகளிலும் இயற்கை வாயு அகப்பட்ட நாள் முதலாக, அந்நிறுவனம் 2015இல் விலகிச் சென்ற பின்னரும், கடன்சுமையால் நலிந்த இலங்கையின் ஆட்சியாளர் மனத்தைவிட்டு அவ்வாயு அகன்றதில்லை. காவேரிப் படுகை எனப் புவியியலார் வழங்கும் பாறைத் தொகுதி தஞ்சைக் கரையோடு நின்றுவிடாமல் பாக்குநீரிணைக்கு அடியாக எங்கள் பக்கமும் நீண்டு கிடப்பதால், 1970களிலேயே பேசாலையிலும் நெடுந்தீவை அடுத்த கடலிலும் ஆய்வுக் கிணறுகள் இறக்கப்பட்டன. வியாபாரத்துக்கு உகந்த அளவில் அன்று எதுவும் கிட்டவில்லை. நாளை கிட்டுமாயின் அதனால் வரும் நஷ்டத்தைத் தாங்கப்போகிறவர்கள் யார் என்பதை, மண்டைதீவு முதல் நெடுந்தீவு வரை யாழ்ப்பாணத்தின் தீவகத்தில் வாழும் ஜனங்கள் இன்றே கேட்டு வைக்கவேண்டும்.

வற்றாத ஆறொன்று எங்களுக்கு இல்லை. ஐப்பசி தொட்டு மார்கழி வரை பெய்யும் மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லியதொரு படலமாக மிதந்து நிற்கிறதே, அதுதான் எங்கள் கிணற்று நீர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் உண்டென்பதும், மேலே ஓரடி குறைந்தால் உவர் நாற்பது அடி மேலெழும் என்பதும் நீரியலார் கண்ட கணக்கு. பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் வரும் மண்டைதீவோ நாற்புறமும் உப்புநீர் சூழ்ந்த சிறு நிலம். கோடையில் தண்ணீர்ப் பவுசர் வரும் வழிபார்த்துக் குடங்களோடு நிற்பது தீவகத்துப் பெண்களுக்குப் புதிதன்று.

இத்தகைய பாறையில் எண்ணெய் கலந்தால் என்ன நேரும் என்பதை ஊகித்தறிய வேண்டிய தேவை நமக்கு இல்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் அனல்மின் நிலைய வளாகத்தின் கழிவெண்ணெய் அயற்கிராமங்களின் கிணறுகளில் கசிந்து, குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் ஆகாத நீரை ஜனங்கள் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க, உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில்தான் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. பணம் தரலாம், பாறையின் வெடிப்புக்குள் புகுந்ததை வெளியே எடுப்பது எப்படி? சுன்னாகத்திலாவது மேலே தேங்கிய எண்ணெய்தான் கீழிறங்கியது. வாயுக் கிணறோ நிலத்தையே ஊடுருவிச் செல்வது. அதன் உருக்குக் குழாயைச் சுற்றி இடும் சீமெந்து எங்கேனும் வெடித்தால் ஆழத்து வாயு மேலேறும் வழி திறந்துவிடும். வாயுவோடு கூடவே வரும் நீர் பல இடங்களில் கடல்நீரைவிட உவரானது. பென்சீன் முதலிய நச்சுப் பொருள்களும் பார உலோகங்களும் அதில் உண்டு. பென்சீன் இரத்தப் புற்றுநோய்க்கு ஏதுவாவது என்பது வைத்திய உலகம் ஐயமின்றி ஒப்புக்கொண்ட உண்மை.

கசிவோடு நில்லாது கிணறே வெடிப்பதும் உண்டு. அசாமின் பாக்ஜானில் 2020 மே 27இல் வெடித்துச் சீறிய வாயுக் கிணறு, ஜூன் 9இல் தீப்பற்றி, தீயணைக்கச் சென்ற இருவரின் உயிரைக் குடித்து, மகுரி ஏரியையும் பாழாக்கி, நவம்பரில்தான் மூடப்பட்டது. நிபுணர்களும் யந்திரங்களும் உள்ள பெரியதொரு தேசத்துக்கே அத்தனை மாதங்கள் பிடித்தன.

வருமானம் வருமே என்பார்க்கும் விடை உண்டு. செல்வத்தில் குறைவற்ற ஒல்லாந்து, 1959இல் கண்டறிந்த குரோனிங்கன் வாயுவயலில், வாயு எடுத்ததால் எழுந்த நிலநடுக்கங்களால் ஆயிரக்கணக்கான வீடுகள் விரிசல் கண்ட பின்னர், 2023 ஒக்டோபரில் உற்பத்தியை நிறுத்தியது. வாயுவின் விலையும் உலகச் சந்தையில் எழுந்து விழுவது. களங்கண்ணி கட்டி இறாலும் நண்டும் பிடிப்பவனுக்கோ, கடல் கெடாதிருக்கும் வரை தலைமுறை தலைமுறையாய்ச் சோறு உண்டு. வாயுவின் இலாபம் கொழும்பில் கணக்கெழுதப்படும். வலையில் ஒன்றும் விழாத நாளின் கணக்கை எந்தத் திறைசேரி எழுதும்?

மின்சாரம் வேண்டுமெனின், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் தர இந்திய நன்கொடையோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தமாகியிருக்கிறது. அதை விரைந்து முடிப்பதே பிரயோசனமான காரியம். தமிழ்நாடு தன் காவேரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிய எண்ணெய், வாயுக் கிணறுகளைத் தடுக்கும் சட்டத்தை 2020இல் இயற்றியது. அதே காவேரிப் படுகையின் இக்கரையில் இருக்கும் நமக்கும் தீவகத்தையும் அதன் களப்புகளையும் விலக்கி வைக்கும் சட்டம் தேவை. அதுவரையில், ஆய்வுக் கப்பலொன்று பாக்குநீரிணைக்குள் வருமுன் தீவகத்துக் கிணறுகளின் நீரையெல்லாம் பல்கலைக்கழகமொன்று பரிசோதித்துப் பதிந்து வைக்கவும், பின்னர் அந்நீர் கெட்டால் தான் காரணமன்று என நிரூபிக்கும் பொறுப்பு துளைத்த நிறுவனத்தையே சாரவும் அரசாங்கம் விதி செய்தல் வேண்டும்.