குப்பையைத் தொடுவது யார்?

கொஞ்ச நாளைக்கு முன்னால ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சென்னையில் மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில், ஒரு சுற்றுச்சூழல் தொண்டு அமைப்பு கூட்டிய கூட்டம். குப்பையைக் குறைப்பது, மறுசுழற்சி செய்வது, இதுக்கெல்லாம் அரசு என்ன கொள்கை வகுக்கணும் என்று பேசி, கடைசியில் மனு கொடுப்பதாக ஏற்பாடு. 'களத்தில் உழைப்பவர்களின் குரலும் வேண்டும்' என்று எங்க அம்மாவையும் இன்னும் நாலு பொம்பளைங்களையும் கூப்பிட்டிருந்தாங்க. அம்மா முப்பது வருசம் இந்த நகரத்துத் தெருவைக் கூட்டியவள். அதுக்கு முன்னால கொடுங்கையூர் குப்பைமேட்டில் கொக்கிக் கம்பியும் கோணியுமாக அலைந்தவள். நான் துணைக்குப் போனேன்.

டீ வந்தது. பிளாஸ்டிக் கப், பேப்பர் கப் எதுவும் இங்கே கிடையாது என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். எங்க வரிசைக்கு வரும்போது மட்டும் பேப்பர் கப். கேட்டேன். "டம்ளர் பத்தல சார், சாரி" என்றார் ஒரு பையன். நிசமாவே பத்தாமல் போயிருக்கலாம். ஆனா பத்தாமல் போறது எப்பவும் எங்க வரிசைக்கு வரும்போதுதான். இரட்டை டம்ளர் பார்த்த சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூட்டம் முடிந்ததும் அந்தக் கப்புகளைப் பொறுக்கி, நசுக்கி, தன் பையில் போட்டுக்கொண்டதும் எங்க அம்மாதான். பழக்கம்.

மனுவை வாசித்தார்கள். வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கணும், பிரிக்காதவங்களுக்கு அபராதம் போடணும், குப்பைமேடுகளை மூடணும், மக்காத பிளாஸ்டிக்கைத் தயாரிக்கிற கம்பெனியே அதுக்குப் பொறுப்பேற்கணும். எல்லாம் நியாயமான கோரிக்கைகள். எங்க சனங்க அதில் ஒரே ஒரு இடத்தில் வந்தாங்க: 'குப்பை சேகரிப்போருக்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும்.' நாற்பது வருசம் குப்பையிலேயே கிடந்தவளுக்குக் குப்பையைப் பத்தி விழிப்புணர்வு!

அம்மா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா, வூட்லயே பிரிச்சிக் குடுங்கன்னு சொல்றீங்க. நல்லதுதான். உங்க வூட்ல யாரு பிரிக்கிறாங்க? நீங்களா, வேல செய்ய வர்ற எங்க பொண்ணுங்களா?"

'நல்ல கேள்வி' என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரி அமைப்புகள் ஒண்ணுமே செய்யல என்று நான் சொல்ல வரவில்லை. 1996இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்குக்குப் பிறகுதான் 2000ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவுக்கென்று விதிகள் வந்தன. 2016இல் அது விரிவான விதிகளாக மாறியது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள ஆபத்தான குப்பை என்று மூணாகப் பிரிக்கணும் என்றது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. இதிலெல்லாம் சுற்றுச்சூழல்காரர்களின் உழைப்பு உண்டு. மறுக்கவில்லை.

ஆனால் அதே 2016 விதிகள் இன்னொண்ணும் சொன்னது. குப்பை பொறுக்கும் மக்களை உள்ளாட்சிகள் அங்கீகரிக்கணும், குப்பை மேலாண்மையில் அவங்களுக்கு இடம் கொடுக்கணும் என்று எழுதி வைத்தது. அன்றைக்கு வாசித்த மனுவில் அது இல்லை. தேடித் தேடிச் சட்டம் படிக்கிறவங்க கண்ணுக்கு அந்த வரி மட்டும் எப்படித் தப்பியது?

மறுசுழற்சி என்ற வார்த்தை வருவதற்கு முன்னாடியே அந்த வேலை நடந்துகிட்டுதான் இருந்தது. பால் கவர், பாட்டில், அட்டை, தகரம் என்று தனித்தனியாகப் பிரித்து, மண்ணை உதறி, காயலாங்கடைக்குக் கொண்டு போனவங்க யாரு? அங்கிருந்து மொத்த வியாபாரி, அவரிடமிருந்து ஆலை. ஒவ்வொரு படி ஏறும்போதும் விலை ஏறும். முதல் படியில் நிற்கிறவளுக்குத்தான் கையில் குறைஞ்ச துட்டு, உடம்பில் நிறைஞ்ச நோய். அவள் பொறுக்கிய ஒவ்வொரு கிலோவும் மாநகராட்சிக்கு லாரி வாடகையில் மிச்சம். சம்பளம் கொடுக்காமலே ஊர் அவளை வேலை வாங்கியது. அவளைப் பார்த்து நாய் குரைத்தது, போலீஸ் திருடி என்றது. இன்னைக்கு அதே வேலைக்கு 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பேர் வைத்துக் கருத்தரங்கம் நடக்கிறது.

புனேயில் வேற மாதிரி நடந்திருக்கிறது. 1972 பஞ்சத்தில் மராட்டிய கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் அங்கே குப்பை பொறுக்கினார்கள். 1993இல் அவங்க காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத் என்ற சங்கமானார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து. முதலில் கேட்டது அடையாள அட்டை. நாங்க திருடிங்க இல்ல, தொழிலாளிங்க என்று நகராட்சியே எழுதிக் கொடுக்கணும் என்றார்கள், வாங்கினார்கள். அந்தச் சங்கத்திலிருந்தே 'ஸ்வச்' என்ற கூட்டுறவு பிறந்தது. 2008இல் நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை வாங்கத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் கட்டணம் கொடுக்கணும், விற்கிற பொருளின் காசும் அவங்களுக்கே. 2013இல் ஒரு காரியம் செய்தார்கள். சுற்றாமல் கொள்ளாமல் வீசப்பட்ட மாதவிடாய் நாப்கின்களைச் சேர்த்து, அதைத் தயாரித்த கம்பெனிகளுக்கே மூட்டையாகத் திருப்பி அனுப்பினார்கள். தயாரிப்பவரே பொறுப்பு என்ற கொள்கையை ஆயிரம் பக்க அறிக்கையைவிட அந்த மூட்டை தெளிவாகச் சொன்னது. 2016 விதியில் நாப்கினோடு உறையும் கொடுக்கணும் என்று வந்ததே, அதுக்குப் பின்னால் அந்தக் கைகளும் உண்டு.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார், தெரியும். "அப்போ நம்ம சனம் குப்பையிலேயே கிடக்கணுமா? அடையாள அட்டை வாங்கிக்கிட்டு அதே இழிவில் இருக்கிறதா விடுதலை?" நியாயமான கேள்வி. 1936இல் காந்தி தன் ஹரிஜன் இதழில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்கணும் என்று எழுதி இந்த வேலைக்குப் புனிதம் பூசினார். 1945இல் வெளிவந்த தன் நூலில் பாபாசாகேப் அந்தப் புனிதத்தைக் கிழித்துப் போட்டார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 'துப்புரவு' என்பதை 'தூய்மை' என்று மாற்றினாலும், காலில் விழுந்து கழுவினாலும், அது அந்தப் பழைய புனிதம்தான்.

ஆனா அம்மாகிட்ட இதைச் சொன்னப்போ அவ சொன்னது வேற. "வுட்டுடு வுட்டுடுன்னு சொல்ற. குப்பமேட்ட மூடிட்டா நாளைக்கி உலைக்கு இன்னா வைக்கிறது? மொதல்ல அதச் சொல்லு, அப்புறம் வுட்டுடறேன்." இந்த ரெண்டு பேச்சுக்கும் நடுவிலேதான் நம்ம அரசியல் நிக்கணும். இருக்கிறவளுக்குக் கூலியும் உரிமையும், அவள் பிள்ளைக்கு வேற வேலை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணைத் தள்ளிப் போடுறது ஏமாத்து.

தீண்டாமை என்பது என்ன? ஒருத்தன் அசுத்தம் பண்ணுவான், இன்னொருத்தன் அதைத் தொடுவான். தொட்டதாலேயே தொட்டவன் அசுத்தமானவன் ஆவான், பண்ணியவன் சுத்தமாகவே இருப்பான். இந்த ஊரின் குப்பைக் கணக்கு முழுக்க இதுதான். ஆகவே வீட்டில் குப்பையைப் பிரிப்பது வெறும் சுற்றுச்சூழல் கடமை இல்லை. தன் அசுத்தத்தைத் தன் கையால் தொடுவது. அது தீண்டாமை ஒழிப்பு வேலை. வேலைக்காரப் பெண்ணை விட்டுப் பிரிக்கச் சொன்னால், பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி எத்தனை வாங்கி வைத்தாலும் சாதி அதே இடத்தில்தான் இருக்கும்.

2025 ஆகஸ்ட்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவங்களை இழுத்துப் போனது. என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டவங்க யாரையும் அந்த 13 நாளில் நான் அங்கே பார்க்கவில்லை. குப்பையை யார் அள்ளுவது, என்ன கூலிக்கு அள்ளுவது என்பது குப்பைக் கொள்கை இல்லையா?

அந்த அமைப்பிலிருந்து அடுத்த கூட்டத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அம்மா போகத்தான் போறா. மனுவில் முதல் கோரிக்கையாக நிரந்தர வேலையும், குப்பை பொறுக்குவோர்க்கு அங்கீகாரமும், குப்பைமேடு மூடும் முன் மாற்று வேலையும் இருந்தால் கையெழுத்துப் போடுவாளாம். இல்லாட்டி எழுந்து வந்துடுவாளாம்.

டம்ளர் விசயம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நானே ஒண்ணு எடுத்துக்கினு போறேன். பத்தலன்னு சொல்ல முடியாதுல்ல."