பெருந்தன்மையா, சட்டமா?

இங்கிலாந்து போய் வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சசெக்ஸ் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளில் நடந்த கதையை அலுக்காமல் சொல்வார்கள். மூச்சு வாங்காத ஏற்றம், ஆடு மேய்ந்த புல்வெளி, கீழே ஆல்ஃபிரிஸ்டன் மாதிரி பழைய கிராமம். கடைசியில் இது கட்டாயம் வரும்: “வயலுக்கு நடுவுல நடந்து போறோம், ஒருத்தனும் தடுக்கலை சார். வெள்ளைக்காரன் பெருந்தன்மையே தனி!”

பெருந்தன்மையாவது, மண்ணாங்கட்டியாவது!

அது சட்டம். வயல் தனியார் சொத்துதான். ஆனால், குறுக்கே போகும் பாதை ஜனங்கள் காலங்காலமாக நடந்து நடந்தே உண்டாக்கிய உரிமை. அதை வரைபடத்தில் பதிவு செய்யச் சொல்லி கவுன்சில்களுக்கு 1949ல் சட்டம் உத்தரவு போட்டது. விதைப்பதற்காக உழுதால், 14 நாட்களுக்குள் விவசாயி பாதையைச் சரிசெய்து தந்தாக வேண்டும். பயிர் வளர்ந்து மறைத்தாலும் வழிவிடுவது அவர் பொறுப்பு. (கோதுமைக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி தெரிகிறதே, அது அழகுக்காக அல்ல!)

பாதையை விட்டு விலகினால் கதையே வேறு. மலையிலும் மேட்டிலும் இஷ்டம்போல் நடக்கும் உரிமை கேட்டு, 1932ல் வடக்கே கிண்டர் ஸ்கவுட்டில் நுழைந்தார்கள் தொழிலாளர்கள். பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த இடம் அது. காவலாட்களோடு தள்ளுமுள்ளு. ஐந்து பேருக்கு ஜெயில். அந்த உரிமைக்குச் சட்டம் வந்தது எப்போது தெரியுமா? 2000ல்! அதிலும் கிடைத்தது இங்கிலாந்து நிலத்தில் சுமார் 8 சதவிகிதம்.

பக்கத்திலேயே ஸ்காட்லாந்து. 2003ல் வந்த சட்டப்படி அங்கே பெரும்பாலான நிலத்தில் யாரும் நடக்கலாம். யார் குடியும் முழுகிவிடவில்லை.