யார் யாரைக் கூட்டிப் போனது?

ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி இருக்கிறது. அப்பா குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்வார். நாலடி தள்ளி அம்மா ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். ஒரு மதியம் என் கைபேசியில் ஒரு வீடியோவை அம்மாவிடம் காட்டினேன். தமிழ் பேசும் இளம் தம்பதி. இருவர் முதுகிலும் ஆளுயரப் பை. லிமா, குஸ்கோ, புவெனஸ் ஐரிஸ் என்று தென் அமெரிக்க நகரங்களில் பஸ் மாறி மாறிச் சுற்றுகிறார்கள்.

அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடுத்து வச்ச பொண்ணு. புருஷன் எம்மாந்தூரம் கூட்டிட்டுப் போயிருக்கான் பாரு."

"அவ அவனக் கூட்டிட்டுப் போயிருந்தா?"

"போடி, அப்படியெல்லாம் உண்டா?" அம்மா சிரித்தார். ராட்டினம் நிற்கவில்லை.

அந்த 'கூட்டிட்டுப் போறது' என்ற வினைச்சொல்லோடுதான் எனக்குச் சண்டை. குழந்தையைக் கூட்டிப் போவோம், நோயாளியைக் கூட்டிப் போவோம். கல்யாணமான பெண்ணையும் அந்த வரிசையில் ஏன் நிறுத்துகிறோம்?

கொச்சி விஜயன்-மோகனா தம்பதியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். காந்தி நகரில் 'ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்' என்ற சின்ன டீக்கடை. தினம் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்கிப் பயணம் போவார்கள். திரும்பி வந்து டீ ஆற்றிக் கடனை அடைப்பார்கள். பிறகு அடுத்த நாடு. பிரேசில், அர்ஜென்டினா, பெரு உட்பட 26 நாடுகள் பார்த்தார்கள். 2021 இலையுதிர் காலத்தில் ரஷ்யா போய் வந்த சில வாரங்களில், நவம்பரில், விஜயன் காலமானார்.

அழகான கதை. ஆனால் நம் ஊர்களில் அது எப்படிச் சொல்லப்படுகிறது? 'டீக்கடைக்காரர் தன் மனைவிக்கு உலகத்தைச் சுற்றிக் காட்டினார்' என்று. அந்தக் கடையில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. மோகனாவும் அதே அடுப்படியில் நின்றார், அதே பாத்திரங்களைக் கழுவினார். அந்த 300 ரூபாயில் பாதி அவர் உழைப்பு. தன் காசில் தானே போன ஒரு பெண்ணை, கணவனின் தாராளத்துக்குச் சாட்சியாக மாற்றிவிட்டோம். விஜயன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. சொல்கிற நம் வாய் மீதுதான் குறை.

இந்த வாய் பயணத்தில் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தச் சேலையை யார் நெய்தது என்று எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். 'அவரு நெய்வாரு, நான் கூடமாட ஒத்தாசை' என்பாள் அந்த வீட்டுப் பெண். தார் சுற்றாமல் நாடா ஓடுமா? அறுந்த இழையை எடுத்து முடிவது யார்? காலையில் சமையல், நடுவில் தார், சாயங்காலம் மறுபடி சமையல். இது ஒத்தாசை என்றால் வேலை என்பது எது? 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகச் சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆனால் எங்கள் வீட்டில் சேலைக்கான கூலி அப்பாவின் கையில்தான் எண்ணி வைக்கப்படுகிறது. கூலி யார் கையிலோ அவர் 'கூட்டிப் போகிறவர்'. வேலை மட்டும் கையிலிருப்பவள் 'கூடப் போகிறவள்'.

சரி, எப்படியோ காசு சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது பாஸ்போர்ட். தன் பாஸ்போர்ட் முடக்கப்பட்டதை எதிர்த்து மேனகா காந்தி என்ற பெண் உச்ச நீதிமன்றம் போனார். வெளிநாடு செல்லும் உரிமை தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று அந்த வழக்கில் 1978இல் தீர்ப்பு வந்தது. அதற்கு 47 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு பெண்ணுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது: மனைவி பாஸ்போர்ட் கேட்டால் கணவனின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை. அந்தப் பெண்ணுக்கும் கணவனுக்கும் குடும்ப வழக்கு நடந்துகொண்டிருந்தது. அப்போதும் அவரிடம் கணவன் கையெழுத்தைக் கேட்டிருக்கிறார்கள். இது ஆணாதிக்கமே தவிர வேறில்லை என்றது நீதிமன்றம். சட்டம் தெளிவாக இருந்தும் ஒரு மேசைக்கு முன்னால் நாம் யாரோ ஒருவரின் மனைவியாகத்தான் நிற்கிறோம்.

'பாதுகாப்புக்காகத்தானே சொல்கிறோம்' என்பார்கள். இந்த வாதத்தை லேசாகத் தள்ள நான் தயாராக இல்லை. பயம் நிஜம். ஆனால் பயத்துக்கு மருந்தாகக் கணவனைத் தருகிறார்களே, அது பலிக்கிறதா?

2016 பிப்ரவரியில் எக்குவடோரின் மொந்தானீத்தா என்ற கடற்கரை ஊரில், பயணம் வந்திருந்த அர்ஜென்டினாப் பெண்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். உடனே எழுந்த கேள்வி: ஏன் 'தனியாக' வந்தார்கள்? கவனியுங்கள், அவர்கள் இரண்டு பேர். ஆண் இல்லாவிட்டால் இரண்டு பெண்களும் 'தனி'தான். இதைக் கேட்டுக் கொதித்துப்போன லத்தீன் அமெரிக்கப் பெண்கள், 'நான் தனியாகப் பயணிக்கிறேன்' என்று ஸ்பானிய மொழியில் எழுதிக் குவித்தார்கள்.

2024 மார்ச் தொடக்கத்தில் நம் நாட்டில், ஜார்கண்டின் தும்காவில், பைக்கில் உலகம் சுற்றிய வெளிநாட்டுத் தம்பதி கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அந்தப் பெண்ணைக் கூட்டாக வன்புணர்வு செய்தார்கள். கணவன் கூடவேதான் இருந்தார். அவரையும் அடித்தார்கள். அவள் தனியாக வரவில்லை. அப்போது யாரும் 'ஏன் கணவனோடு வந்தாள்?' என்று கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அப்படியானால் மொந்தானீத்தாவில் மட்டும் அந்தக் கேள்வி ஏன்? குற்றம் செய்தவனைத் தவிர மற்ற எல்லாரையும் விசாரிக்கும் பழக்கம் நமக்கு. தெருவையும் பஸ் நிலையத்தையும் காவல் நிலையத்தையும் சரிசெய்ய வேண்டியவர்கள், அந்த வேலையை ஒரு புருஷன் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தோழிகளே, தம்பதியாகப் பயணம் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பிடித்தவனோடு தெரியாத ஊரில் வழி தவறுவது பெரிய சந்தோஷம். ஆனால் போக இன்னொரு வழியும் இருக்கும்போதுதான் அது சந்தோஷம். அது ஒன்றே வழி என்றால், அதற்குப் பெயர் அனுமதி.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதை 'ஓசி' என்று கேலி செய்கிறவர்களுக்கு அது எதை மாற்றியது என்று தெரியாது. 'பஸ்ஸுக்குக் காசு குடுங்க' என்று கேட்காமல் வாசற்படி தாண்டலாம் என்பது எங்கள் தெருப் பெண்கள் பலருக்குப் புதிது. பெருவுக்கான முதல் படி இந்தப் பஸ்ஸின் படிதான் என்று நான் நம்புகிறேன்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். செய்த வேலைக்கு நம் பெயரில் கூலி. நம் பையில் நம் பாஸ்போர்ட். தோழியோடோ தனியாகவோ போனால், 'கூட யாரு?' என்று கேட்காத ஒரு வாசல்.

அன்று மதியம் அம்மாவிடம் கேட்டேன், எங்கேயாவது போகணும் என்றால் எங்கே போவீர்கள் என்று. ராட்டினம் நின்றது.

"கன்னியாகுமரி. மூணு கடலும் சேருமாமே." கொஞ்சம் யோசித்தார். "உங்கப்பா கூட்டிட்டுப் போவாரான்னு கேக்கணும்."

"அப்படிக் கேக்காதீங்கம்மா. 'நான் போறேன், நீங்க வர்றீங்களா'ன்னு கேளுங்க."

தறிச் சத்தமும் நின்றது. அப்பா காதிலும் விழுந்திருக்கிறது. அம்மா அவர் பக்கம் திரும்பி, அந்த வாக்கியத்தை முதல் முறையாகச் சொல்லிப் பார்த்தார்.