நன்றி உண்டியலில் இல்லை

ஆண்டுதோறும் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாள். 1949 முதல் இந்நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பள்ளிக் குழந்தைகளின் சட்டையில் சிறு கொடி குத்தப்படுகிறது. உண்டியல் குலுக்கி நிதி திரட்டப்படுகிறது. ஆட்சியாளர்கள் உருக்கமான அறிக்கைகள் வெளியிடுகின்றனர். உயிர் நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கும், உடல் உறுப்புகளை இழந்தவர்களுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கும் மக்கள் மனமுவந்து தரும் காசு அது. மக்களின் அந்த உணர்வு உண்மையானது. பனிமலையிலும் பாலைவனத்திலும் காவல் நிற்பவர்கள் சிறு விவசாயிகளின், தொழிலாளர்களின் பிள்ளைகள் என்பது அவர்களுக்குத் தெரியும். கேள்வி மக்களை நோக்கியதல்ல. கொடி நாளில் நன்றியுரை ஆற்றும் அரசு, மற்ற 364 நாட்களில் வீரருக்கு என்ன செய்கிறது என்பதே கேள்வி.

2022 ஜூன் 14 அன்று மோடி அரசு அக்னிபாத் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன் இரண்டாண்டுகள் கொரோனாவைக் காரணம் காட்டி ராணுவ ஆள்சேர்ப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. உடற்தகுதித் தேர்வில் வென்று காத்திருந்த இளைஞர்களுக்குக் கிடைத்த பதில் நான்காண்டு ஒப்பந்தம். பீகாரிலும் ஹரியானாவிலும் தெலங்கானாவிலும் அவர்கள் வீதிக்கு வந்தனர். செகந்திராபாத் ரயில் நிலையத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். சீருடை அணிய ஆசைப்பட்டவருக்கு அரசு தந்த முதல் மரியாதை அது.

திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். முதலாண்டில் 46,000 பேரைச் சேர்ப்பதாக அறிவிக்கப்பட்டது. நான்காண்டு முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினருக்கே நிரந்தரப் பணி. நால்வரில் மூவர், வாழ்க்கையைத் தொடங்க வேண்டிய வயதில் வேலையிழந்து வீடு திரும்ப வேண்டும். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதிகூட இல்லை. முதலாண்டு மாத ஊதியம் 30,000 ரூபாய் என்றாலும் கைக்கு வருவது 21,000 ரூபாய்தான். மீதி 9,000 ரூபாய் ‘சேவா நிதி’க்குப் பிடிக்கப்படுகிறது. வெளியேறும்போது தரப்படும் சுமார் 11.71 லட்சம் ரூபாயில் அரசு போட்ட பங்குக்குச் சமமான தொகை வீரரின் சொந்தச் சம்பளம். அவர் காசை அவரிடமே திருப்பித் தந்துவிட்டு அதற்கும் கைதட்டல் கேட்கிறது அரசு. தூய்மைப் பணியிலும் மின்வாரியத்திலும் ரயில்வேயிலும் தோழர்கள் எதிர்த்துப் போராடிவரும் அதே ஒப்பந்த முறைதான் இன்று பாசறைக்குள்ளும் நுழைந்திருக்கிறது.

பணியில் உயிரிழக்கும் அக்னிவீரரின் குடும்பத்திற்கு ஒரு கோடி ரூபாய் கிடைக்கிறது என்று 2024 ஜூலை 1 அன்று மக்களவையில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் கூறினார். காப்பீட்டுத் தொகையும் கருணைத் தொகையும் உண்டு என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் போரில் மடியும் நிரந்தர வீரரின் குடும்பத்திற்கு உரிமையாகக் கிடைக்கும் மாதாந்திரக் குடும்ப ஓய்வூதியம் அக்னிவீரரின் பெற்றோருக்கு இல்லை. ஒரே பதுங்குகுழியில், ஒரே குண்டுக்குப் பலியாகும் இருவரில் ஒருவர் குடும்பத்திற்கு ஓய்வூதியம், மற்றவர் குடும்பத்திற்குக் கணக்குத் தீர்ப்பு! இரு குடும்பங்களுக்கும் ஒரே பயன்கள் வேண்டும் என்று பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024இல் பரிந்துரைத்தது.

வெளியேறுவோருக்குத் துணை ராணுவப் படைகளில் இடஒதுக்கீடு உண்டு என்பது அடுத்த சமாதானம். அங்கு நிலைமை என்ன? 2004 ஜனவரி 1க்குப் பின் மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலும் எல்லைப் பாதுகாப்புப் படையிலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. அவர்களும் ஒன்றியத்தின் ஆயுதப் படையினரே, பழைய ஓய்வூதியம் பெற உரியவர்களே என்று 2023 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்றிமிக்க அரசு உச்சநீதிமன்றத்திற்கு ஓடித் தடை வாங்கியது.

பணம் இல்லையா? 2022-23 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்களுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 1.19 லட்சம் கோடி ரூபாய். 2019 செப்டம்பரில் ஒரே அறிவிப்பில் கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே கூறினார். முதலாளிக்கு விட்டுக்கொடுத்தால் அது ஊக்கம். வீரருக்குக் கொடுத்தால் அது சுமை.

ஆனால் தேர்தல் வந்தால் வீரரின் சவப்பெட்டி தேவைப்படுகிறது. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் 40 ரிசர்வ் போலீஸ் படையினர் கொல்லப்பட்டனர். அவர்களை ஏற்றிச் செல்ல விமானம் கேட்கப்பட்டது, உள்துறை மறுத்துவிட்டது என்று அப்போது ஜம்மு காஷ்மீர் ஆளுநராக இருந்த சத்யபால் மாலிக் பின்னர் கூறினார். அதற்கு விடை சொல்லாத பிரதமர்தான், 2019 ஏப்ரலில் லாத்தூரில் முதல்முறை வாக்காளர்களிடம் புல்வாமா வீரர்களின் பெயரால் வாக்குக் கேட்டவர். சீருடையின் மீது இவர்களுக்குள்ள மதிப்புக்கும் எல்லை உண்டு. 2025 மே மாதம், ராணுவ நடவடிக்கை குறித்து நாட்டுக்கு விளக்கிய கர்னல் சோஃபியா குரேஷியை அவரது மதத்தைச் சுட்டி இழிவாகப் பேசினார் மத்தியப் பிரதேச பாஜக அமைச்சர் விஜய் ஷா. உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்குப் பதிய உத்தரவிட்ட பின்னரும் அவர் அமைச்சராகவே தொடர்ந்தார்.

வீரர்களுக்கு நன்றி செலுத்துவது பாஜகவின் தனிச்சொத்தல்ல. இடதுசாரிகளின் நன்றி கோரிக்கையாகவே வெளிப்படும். அக்னிபாத்தைக் கைவிட்டு நிரந்தர ஆள்சேர்ப்பை மீண்டும் தொடங்க வேண்டும். பணியில் மடியும் ஒவ்வொரு வீரரின் குடும்பத்திற்கும் சமமான ஓய்வூதியம் வேண்டும். துணை ராணுவப் படையினருக்குப் பழைய ஓய்வூதியம் வேண்டும். வாக்குக்காகப் போர்வெறி கிளப்பி ஏழைப் பிள்ளைகளைப் பலியிடும் அரசியல் ஒழிய வேண்டும். கிராமங்களில் வீரர்களின் பெற்றோரைச் சந்தித்து இக்கோரிக்கைகளைப் பேசுவது ஒவ்வொரு கிளையின் கடமை.

கொடி நாளில் உண்டியல் வரட்டும். மக்கள் காசு போடட்டும். கொடுத்த கை அப்படியே நீண்டு ஆட்சியாளர்களை நோக்கிக் கேட்கட்டும்: எங்கள் பங்கு இதோ, உங்கள் பங்கு எங்கே?