ஸ்கைஹாக்கின் மூக்கிலே நான்கு திருகாணிகள்



அண்மையில் மாணவர் கைவினைக் கண்காட்சி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். முதற்பரிசு பெற்ற போர் வானூர்தி மாதிரி கண்ணைப் பறித்தது. ஒட்டிய இடமே தெரியவில்லை. "முதலில் எந்தப் பாகத்தை ஒட்டினாய், தம்பி?" என்று கேட்டேன். அவன் தன் தந்தையைத் திரும்பிப் பார்த்தான்!

அதே மேசையின் கடைக்கோடியில் எங்கள் கமுந்திங் மாணவன் ஒருவன் செய்த ஸ்கைஹாக் நின்றிருந்தது. பச்சை வண்ணம் இரண்டு இடங்களில் திட்டாகப் படிந்திருந்தது. விமானியறையின் கண்ணாடி மூடியில் பசையோடு ஒட்டிய பெருவிரல் ரேகை. நடுவர் 'தூய்மை போதாது' என்று எழுதிச் சென்றுவிட்டார். அந்த ஒற்றை வரிக்குத்தான் இங்கே மறுப்பெழுதுகிறேன்.

ஸ்கைஹாக் நமக்கு அயலானதன்று. 1980களில் அரச மலேசிய ஆகாயப்படை, அமெரிக்காவின் பழைய வானூர்திகளைப் புதுப்பித்து 40 ஸ்கைஹாக்குகளைப் படையில் சேர்த்தது. அதன் கால்கள் நெடியவை. நெகிழியில் செய்த மாதிரியை மேசைமேல் நிறுத்தினால் மூக்கு மேலெழும்பி, வால் தரையில் குந்திவிடும். ஆகவே உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே மூக்கினுள் எடை வைக்க வேண்டும். ஒட்டிய பின்னர் அறிந்து பயனில்லை. எங்கள் மாணவன் பாதிகளை ஒட்டுநாடாவால் தற்காலிகமாகக் கட்டி, ஒரு திருகாணி, இரண்டு திருகாணி என வைத்து வைத்துப் பார்த்தான். நான்காவதில் மூக்குச் சக்கரம் தரையைத் தொட்டது. நெம்புகோல் பாடத்தை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அந்த முகமலர்ச்சியை அங்கே ஒருநாளும் கண்டதில்லை.

விகிதமும் அப்படியே. உண்மை வானூர்தியின் நீளம் ஏறத்தாழ 12 மீட்டர். மாதிரியின் அளவு 72இல் ஒரு பங்கு. 1200 சென்டிமீட்டரை 72ஆல் வகுத்து, விடை பதினேழுக்குச் சற்றுக் குறைவு என்று கண்டு, அடிக்கோலை வைத்துச் சரிபார்த்தவனுக்கு அந்தக் கணக்கு மறக்குமா?

வண்ணத் திட்டுக்கும் காரணம் உண்டு, நடுவர் பெருமகனாரே! தீபகற்ப மலேசியாவில் மழைக்குப் பெயர்போன தைப்பிங்கின் அண்டை ஊர் எங்களுடையது. ஈரக்காற்றில் தெளிப்பு வண்ணம் அடித்தால் வெண்மையாய்ப் பூத்துவிடும். எனவே தூரிகையால் மெல்லிய பூச்சாகப் பூசி, காயவிட்டு, மீண்டும் பூச வேண்டும். அவன் இரண்டு இடங்களில் பொறுமை இழந்தான். பதினோரு வயதில் நானும் இழந்திருப்பேன்.

"இதெல்லாம் தேர்வில் வருமா, சார்?" என்று கேட்கும் பெற்றோர் இன்னும் இருக்கின்றனர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலேயே ஒழிக்கப்பட்டது. அதன் அச்சம் மட்டும் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு நம் வீடுகளில் வாழ்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய வானூர்திகளே தம்மை ஈர்த்தன என்று அப்துல் கலாம் தன்வரலாற்றில் எழுதினார். அவர் படத்தை வகுப்பறையில் மாட்டுகிறோம். பிள்ளையின் கையிலிருந்து பசைக்குப்பியைப் பிடுங்குகிறோம்!

போர்க்கருவியைச் சிறுவர் கையில் கொடுக்கலாமா என்ற கேள்வியை மட்டும் நான் தள்ளமாட்டேன். அது நேர்மையான கேள்வி. புக்கிட் லாருட் மலைக்குப் போகும் சாலையின் இருமருங்கிலும் தைப்பிங் போர்க் கல்லறை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் மாண்ட 850க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களுள் 500க்கும் மேற்பட்டோர் இன்னார் என்றே தெரியாது. பசையைத் திறப்பதற்கு முன் என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். பெயரற்ற கல்லின் முன் நெடுநேரம் நின்றவனும் இதே மாணவன்தான். ஆயுதம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். கடையில் வாங்கிய பளபளப்பைக் கைதட்டி வரவேற்ற நமக்குத் தெரியுமா?

கண்காட்சி நடத்துவோருக்கு என் கோரிக்கை இதுதான். மாதிரியோடு, பாகங்களை வெட்டியெடுத்த வெற்றுச் சட்டங்களையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். பெற்றோரைச் சற்று நேரம் வெளியே தேநீர் அருந்த அனுப்புங்கள். பிறகு நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "மூக்கினுள் என்ன வைத்திருக்கிறாய், ஏன்?"

எங்கள் மாணவன் தன் ஸ்கைஹாக்கைக் காலணிப் பெட்டியில் பஞ்சு பரப்பி வீட்டுக்கு எடுத்துச் சென்றான். விரல் ரேகையைத் தேய்த்து நீக்கித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், அது என்னுடையது" என்றான்.