திருத்தப் பழகாதவர் கையில் முப்பது மதிப்பெண்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் எனக்குப் பழக்கமான ஃபோட்டோஸ்டாட் கடை ஒன்று உண்டு. சாலைக் கம்போளத்து மிளகாய் நெடி வந்து சேரும் தூரம். கல்லூரிகளில் அசைன்மென்ட் கொடுக்க வேண்டிய கடைசி நாள் என்றால் அங்கே நிற்க இடம் கிடைக்காது. அப்படி ஒரு நாளில் என் ரேஷன் கார்டை நகலெடுக்கப் போய் முக்கால் மணி நேரம் நின்றேன். பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாட்ஸ்அப்பில் ஃபைலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன், “அண்ணாச்சி, இப்ப அவனுக்கு எடுத்தீங்கள்ல, அதேதான். ஃபர்ஸ்ட் பேஜ் மட்டும் மாத்தித் தாங்க” என்றான். அண்ணாச்சி பெயரையும் ரோல் நம்பரையும் மாற்றி, பன்னிரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து, ஓரத்தில் பின் அடித்துக் கொடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “எல்லாம் ஒரே சாதனம் சாரே. போன வருஷமும் இதுதான். வாத்தியார் மாறிட்டாரு, இது மாறல” என்றார்.

அண்ணாச்சிக்குத் தெரிந்தது கல்லூரிக்கும் தெரியும். தெரிந்துதான் மதிப்பெண் போடுகிறார்கள். அந்த மதிப்பெண்ணின் எடையை இப்போது கூட்டியும் விட்டோம்.

2024 ஜூலை 1 அன்று விஞ்ஞானோத்சவம் என்று பெயர் சூட்டி, கேரளம் முழுவதும் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு இளங்கலையில், அசைன்மென்ட் போன்றவற்றுக்குக் கல்லூரி ஆசிரியரே போடும் அகமதிப்பீடு 20, பல்கலைக்கழகத் தேர்வு 80. இப்போது எழுத்துப் பாடங்களில் 30க்கு 70. மாணவனை மூன்று மணி நேரப் பரீட்சையில் மட்டும் எடை போடாதே, பருவம் முழுக்கப் பார்த்து மதிப்பிடு என்பதுதான் இதன் நோக்கம். அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. அந்த முப்பதைப் போடப்போகிறவருக்கு மதிப்பெண் போட யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். அது இரண்டு வருஷப் படிப்பு. கேள்வித்தாள் எப்படி அமைப்பது, விடையை எப்படி மதிப்பிடுவது என்பதெல்லாம் அதில் பாடம். பிறகு தகுதித் தேர்வு வேறு. பி.எஸ்ஸி. வகுப்புக்குக் கணக்கு நடத்த நெட் போதும், இல்லையென்றால் பிஎச்.டி. கற்பிக்கவும் திருத்தவும் ஒரு நாள்கூடப் பழகாமல் திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் போய்விடலாம். நானும் அப்படிப் போனவன்தான். என் முதல் திருத்தல் முகாம் நினைவிருக்கிறது. முதன்மைத் தேர்வாளர் பத்து நிமிஷம் விடைக்குறிப்பைப் படித்தார். கடைசியில், “கை கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்” என்றார். தாராளம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவரும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் விடைத்தாள் கட்டு முடிந்தது. அந்தக் கட்டில் யாருடைய வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்த இடத்தில் என் பழைய பல்லவியைப் பாடாமல் இருக்க முடியாது. இதை நான் ஆரம்பித்தாலே நண்பர்கள் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1935இல் ஃபிலிப் ஹார்டாக், ஈ.சி. ரோட்ஸ் என்ற இருவர் இங்கிலாந்தில் ஒரு சிறு புத்தகம் போட்டார்கள். தேர்வுகளையே தேர்வுக்கு உட்படுத்திய புத்தகம். பள்ளியிறுதி வரலாற்றுத் தேர்வில் ஒரே நடுத்தர மதிப்பெண் வாங்கியிருந்த 15 விடைத்தாள்களை எடுத்தார்கள். அனுபவமுள்ள தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். மதிப்பெண்ணோடு தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்று தீர்ப்பும் எழுத வேண்டும். ஓராண்டுக்கு மேல் கழித்து, அதே தாள்களை அதே ஆட்களிடம் மறுபடியும் கொடுத்தார்கள். இரண்டாம் முறையும் திருத்தியவர்கள் 14 பேர். பதினைந்து தாள், பதினான்கு பேர், ஆக 210 தீர்ப்புகள். அவற்றில் 92 தீர்ப்புகள் மாறிவிட்டன.

ஒருவர் போட்டதை இன்னொருவர் மாற்றியது என்றால் ரசனை வேறுபாடு என்று சமாதானம் சொல்லலாம். இங்கே மனிதர் தான் எழுதிய தீர்ப்பையே மாற்றியிருக்கிறார். நூற்றுக்கு ஏறத்தாழ 44. அதே தாள், அதே கை, நடுவில் ஓராண்டும் சில மாதங்களும் ஓடியிருக்கின்றன, அவ்வளவுதான். இவர்கள் கற்றுக்குட்டிகளும் அல்ல, பழக்கப்பட்ட தேர்வாளர்கள். அவர்களுக்கே இந்தக் கதி என்றால் பயிற்சியே இல்லாத நம் கட்டுகளின் கதி என்ன? ஹார்டாக் நமக்கு அந்நியரும் இல்லை. கல்கத்தா பல்கலைக்கழகத்தை ஆராய்ந்த சாட்லர் குழுவில் இருந்தவர். 1920இல் தொடங்கி ஐந்து வருஷம் டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். நம் பரீட்சை மண்டபங்களையும் கட்டுக் கட்டான தாள்களையும் கண்ணால் பார்த்தவர். 1948இல் அமைந்த ராதாகிருஷ்ணன் குழுவும், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லலாம் என்றால் தேர்வைச் சீர்திருத்துவதையே சொல்வோம் என்ற பொருளில் எழுதி வைத்தது. அதற்குப் பின் எத்தனை குழுக்கள்! 2021இல் கேரள அரசே உயர்கல்விக்கு ஒன்று, பல்கலைக்கழகச் சட்டங்களுக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று என மூன்று ஆணையங்களை அமைத்தது. அறிக்கைகளும் வந்தன. முகாமில் அந்தப் பத்து நிமிஷம் பதினொன்றாகவில்லை.

பயிற்சி இல்லையென்று யார் சொன்னது, 1987இலிருந்தே நடக்கிறதே என்பார்கள். நடக்கிறதுதான். 1986 கல்விக் கொள்கையின் பேரில் அகாதெமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று நாடெங்கும் திறந்தார்கள். நமக்குக் காரியவட்டத்தில். 2015இல் அதற்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் வைத்தார்கள். 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம். பெயர்ப் பலகை எழுதுபவருக்கு மட்டும் வேலை குறையவில்லை. ஆரம்பத்தில் நான்கு வாரம் ஓரியண்டேஷன், மூன்று வாரம் ரெஃப்ரெஷர் என்று இருந்தது, இப்போது எட்டு நாள் ஆன்லைன் வகுப்பு வரை வந்து நிற்கிறது. வருபவர் எதற்கு வருகிறார்? பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும். கேமராவை அணைத்துவிட்டுச் சோறு வடிக்கிறவரையும் எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வருகைப் பதிவுக்குக் கூலி கொடுத்தால் வருகைதான் கிடைக்கும்.

நான்காண்டுப் படிப்புக்கென்று நடத்திய பயிற்சியும் இதே ஜாதி. பாட விளைவு, திட்ட விளைவு, புளூம் அட்டவணை என்று கட்டம் கட்டமாக நிரப்பக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே ஒரு மாணவனின் ஒரே ஒரு விடைத்தாளை இருபது ஆசிரியர்கள் கையில் கொடுத்து, ஆளுக்கு ஒரு மதிப்பெண் போடச் சொல்லி, கரும்பலகையில் எழுதிப் பார்த்த பயிற்சி எங்கே நடந்தது? நடந்திருந்தால் அந்த அறையில் இருந்தவர்கள் அதை ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பு மூன்று. கற்பித்தல் பிறவிக் கலை, சொல்லிக்கொடுத்து வராது என்பவர்கள் முதல் தரப்பு. இவர்கள் தங்கள் பிள்ளையைப் பிறவி டாக்டரிடம் காட்டுவார்களா என்று கேட்டுவிட்டு நகர்கிறேன். எல்லாவற்றையும் இனி கணினி திருத்தும் என்பவர்கள் இரண்டாம் தரப்பு. சர்வர் படுத்துவிட்டது என்பதற்காக ரிசல்ட் தள்ளிப்போகும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். மூன்றாவது, ஆசிரியர் சங்கத்தார். வேலைப் பளு என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். வாரம் 16 மணி நேர வகுப்பு இருந்தால்தான் ஒரு பணியிடம் என்று 2020இல் அரசு இறுக்கிப் பிடித்தது. திருத்தும் நேரம் அந்தப் பதினாறில் சேராது. மிச்சத்தைக் கெஸ்ட் லெக்சரர் தலையில் கட்டியிருக்கிறோம். ஆனால் சம்பளத்துக்கும் பதவிக்கும் தலைமைச் செயலகம் வரை நடக்கிறவர்கள், திருத்தக் கற்றுக்கொடு என்று ஒரு தடவையாவது அந்த வாசலில் நின்றார்களா?

2025 ஜனவரி 6 அன்று யு.ஜி.சி. ஒரு வரைவு விதியை வெளியிட்டது. ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஒன்பது வகைச் சாதனைகளைப் பட்டியலிட்டு, அவற்றில் குறைந்தது நான்கு வேண்டும் என்றது. புதுமையான கற்பித்தல் இருக்கிறது, ஸ்டார்ட்-அப் இருக்கிறது, இணையப் பாடம் தயாரிப்பது இருக்கிறது. நேர்மையாக, ஒரே அளவுகோலில் திருத்துவது ஒரு சாதனையாக அந்த ஒன்பதில் இல்லை. அதே மாதம் 21 அன்று கேரளச் சட்டமன்றம் அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. சரிதான். ஆனால் நம் பேச்செல்லாம், அதே வரைவு கைவைத்த துணைவேந்தர் நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்பதைச் சுற்றியே ஓடியது.

இரண்டு மாதம் கழித்துத் தெரியவந்த செய்தி யாருக்கும் மறந்திருக்காது. கேரளப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. மாணவர்கள் 71 பேரின் விடைத்தாள்கள், திருத்தக் கொண்டுபோன கெஸ்ட் ஆசிரியர் ஒருவரின் பைக்கிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் தொலைந்துபோயின. 2024 மே மாதம் எழுதிய பரீட்சை. படிப்பை முடித்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொன்னது பல்கலைக்கழகம். தொலைக்காட்சிகள் அந்த ஒரு ஆசிரியரைப் பிய்த்து எடுத்தன. பரீட்சைத் தாளைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்கவும், உட்கார்ந்து திருத்தவும் ஓர் இடமும் நேரமும் கொடுக்காமல், கட்டை பைக்கில் கட்டிக் கொண்டுபோக விட்ட ஏற்பாட்டைப் பற்றி அரை மணி நேர விவாதம்கூட நான் பார்க்கவில்லை. இந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் 2022இல் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு ஏ-பிளஸ்-பிளஸ் கொடுத்தது.

தமிழ்நாட்டு வாசகர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்–மே தேர்வில் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 3,02,380 பேர். அதில் 73,733 பேர் தேறினார்கள். மேலும் 16,636 பேருக்கு மதிப்பெண் கூடியது. லஞ்சம் வாங்கிக்கொண்டு கூட்டினார்கள் என்று 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. குற்றச்சாட்டை வழக்கு தீர்மானிக்கட்டும். ஆனால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த 73,733இல் ஒரு பகுதிக்கு லஞ்சம் காரணம் என்றால் அது சிலரின் குற்றம். லஞ்சமே இல்லாமல் இத்தனை பேர் பெயிலிலிருந்து பாஸுக்கு மாறியிருந்தால் அது இன்னும் மோசம். முதல் தடவை யார் திருத்தினார்கள், எப்படித் திருத்தினார்கள்?

ஆரியசாலையிலிருந்து நாலு எட்டு வைத்தால் வலியசாலை. அங்கே காந்தளூர்ச் சிவன் கோயில். முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை இந்தப் பக்கம்தான் இருந்தது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்தச் சாலையின் முறையைப் பின்பற்றி, ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866 வாக்கில் இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, ஒரு கல்விச்சாலை வைத்தான். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம், சேருகிறவருக்கு வியாகரணமும் மீமாம்சையும் எந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தப்பு செய்தால் என்ன தண்டம் என்றெல்லாம் செப்பேட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாலை ஒரு சாதிக்கு மட்டும் திறந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அளவுகோலைச் செம்பில் வெட்டும் தைரியம் அவர்களுக்கு இருந்தது. நம் முப்பது மதிப்பெண்ணுக்கு எதைப் பார்த்து எவ்வளவு போடுகிறோம் என்று துறை வாசலில் ஒரு தாளாவது ஒட்டியிருக்கிறோமா?

ஆசிரியருக்குக் கைகொடுப்பது என்றால் என்னவென்று வெளியே போய்ப் பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இலேயே கற்றல், கற்பித்தலுக்கென்று ஒரு மையம் வைத்தது. ஆசிரியர் கேட்டுக்கொண்டால் பருவத்தின் நடுவில் மையத்திலிருந்து ஒருவர் வகுப்புக்கு வருவார். ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு மாணவர்களிடம் பேசுவார். கேட்டதை ஆசிரியரிடம் மட்டும் சொல்வார். துறைத் தலைவருக்குப் போகாது, பதவி உயர்வு ஃபைலுக்கும் போகாது. அதனால்தான் ஆசிரியர்கள் தாங்களே கூப்பிடுகிறார்கள். நாம் உதவியையும் உளவையும் ஒரே படிவத்தில் கேட்கிறோம்.

ஆகவே பயிற்சிச் சான்றிதழுக்கும் பதவி உயர்வுக்கும் போட்ட முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். கேள்வித்தாள் அமைப்பதிலும் திருத்துவதிலும் இரண்டு வாரம் கையால் செய்து பழகாத ஒருவரிடம், நிரந்தரமானாலும் கெஸ்ட் ஆனாலும், அகமதிப்பீட்டைக் கொடுக்காதீர்கள். பழகும் நாட்களைப் பணி நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுங்கள். அதுவரை அந்த முப்பதை மார்க் ஷீட்டில் அச்சிடுவதையே நிறுத்தி வைக்கலாம். குலுக்கல் சீட்டுக்கு மார்க் ஷீட்டில் இடம் எதற்கு?

இதற்கு நிதியில்லை என்று பல்கலைக்கழகம் சொல்லக் கூடாது என்பதற்காக அண்ணாச்சியிடம் கணக்குக் கேட்டு வந்தேன். ஹார்டாக் செய்ததை இங்கேயே செய்து பாருங்கள். பதினைந்து விடைத்தாள், பதினான்கு ஆசிரியர்கள். தாள் ஒன்றுக்கு இருபது பக்கம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 4,200 பக்கம். அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு 4,200. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் மொத்தம் 16,800 ரூபாய். மொத்தமாகக் கொடுத்தால் இன்னும் குறைத்துக்கொள்வதாக அண்ணாச்சி சொன்னார்.